காதுள்ள செடி
ஆவாரையும் அதன் உறவினர்களும்

ஆவாரம்பூவை அறியாத தமிழர் மிகக் குறைவு. மானாவாரி நிலத்தின் ஓரத்திலும், கரட்டிலும், பொட்டல் தரையிலும், இரயில் பாதையின் இருமருங்கிலும் இச்செடி தானாக முளைத்து வளர்கிறது. அதற்கு நீர் ஊற்றுவார் இல்லை, உரமிடுவாரும் இல்லை. கோடையில் சுற்றிலும் புல் கருகிக் கிடக்கும்போதும் அது மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும். சங்க நூல்கள் இதனை 'ஆவிரை' என்கின்றன. குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்களுள் இதுவும் ஒன்று. கொங்கு நாட்டில் பொங்கலையொட்டிக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் சிறுபீளையோடும் ஆவாரம்பூவைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். தெலுங்கில் இதன் பெயர் 'தங்கேடு'. 2014-இல் உருவான தெலங்கானா மாநிலத்தின் மாநில மலர் இதுவே. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்னும் பழமொழி, நம் மக்கள் இச்செடியின்மீது வைத்துள்ள நம்பிக்கைக்குச் சான்று.

ஆயினும், ஆவாரையின் நெருங்கிய உறவினச் செடி ஒன்று குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் பல ஆண்டுகளாக, மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில், சிற்றூர்க் குழந்தைகள் திடீரென நோயுற்றனர். வாந்தி எடுத்தனர், நினைவிழந்தனர், சில நாட்களுக்குள் இறந்தும் போயினர். இது கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பிஜ்னோர் மாவட்டத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவரும், வேலூரில் பணியாற்றிய கிருமியியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும், அவர்களுடைய தோழர்களும் நிகழ்த்திய ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. மூளை, ஈரல், தசை ஆகிய மூன்றையும் ஒருங்கே தாக்கிய அந்நோய்க்குக் கிருமி காரணமன்று. தெருவோரத்தில் முளைத்த ஒரு செடியின் காயையும் விதையையும் குழந்தைகள் விளையாட்டாகத் தின்றதே காரணம் என்று அவர்கள் காட்டினர். அந்தச் செடிதான் நம் ஊரில் பேயாவிரை எனப்படுவது.

ஆவாரைக்கும் பேயாவிரைக்கும் பூ மஞ்சள், இலை கூட்டிலை, காய் தட்டையானது. ஒன்று பழமொழியில் புகழப்படுவது, மற்றொன்று நஞ்சு. இவற்றை எப்படிப் பிரித்தறிவது? தாவரங்களை வகைப்படுத்தும் கலை ஏன் வேண்டும் என்று கேட்போர்க்கு இந்தக் கேள்வியே போதிய விடையாகும்.

செடியை உற்று நோக்குவோம்

தாவரவியலார் ஒரு செடியை விவரிக்கும்போது ஒரு வரிசையைப் பின்பற்றுவர். முதலில் வளரும் விதம், பின்னர் தண்டு, இலை, பூங்கொத்து, பூ, காய், விதை என்று கீழிருந்து மேலாகச் செல்வர். ஒன்றும் விடுபடாமல் இருப்பதற்கும், இரண்டு செடிகளை உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுவதற்கும் இந்த ஒழுங்கு உதவுகிறது. நாமும் அப்படியே பார்ப்போம்.

ஆவாரை நிறையக் கிளைவிடும் புதர்ச்செடி. பெரும்பாலும் இடுப்பளவு அல்லது ஆளுயரம் வளரும். பட்டை வழவழப்பாக, இலவங்கப்பட்டையின் நிறத்தில் இருக்கும். இந்தப் பட்டையில் ஏறத்தாழ 18 சதவீதம் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. பச்சைத்தோலைப் பதனிடப் பயன்படுவது இதுவே. சென்னை மாகாணத்துத் தோல் தொழில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையையே நம்பி இருந்தது. பிற்பாடு வாட்டில் மரப்பட்டை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இலை, சிறகு வடிவக் கூட்டிலை. நடுக்காம்பின் இருபுறமும் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் அமைந்திருக்கும். நுனியில் தனிச் சிற்றிலை கிடையாது. ஒவ்வோர் இணைச் சிற்றிலைக்கும் இடையே, காம்பின் மேற்புறத்தில், குண்டூசி முனைபோல் நிமிர்ந்து நிற்கும் ஒரு சுரப்பியைக் காணலாம். கைக்கண்ணாடி இருந்தால் தெளிவாகவே தெரியும். இத்தகைய சுரப்பிகள் இனிப்பு நீரைச் சுரந்து எறும்புகளை வரவழைக்கின்றன. அங்குமிங்கும் திரியும் எறும்புகள், இலையைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகின்றன.

இனி இச்செடியின் தனி அடையாளத்திற்கு வருவோம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, வட்டமான இரண்டு பச்சை மடல்கள் இருக்கும். இவற்றை இலையடிச் செதில்கள் என்பர. பல செடிகளில் இவை சிறு முள்போலவோ நூல்போலவோ தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். ஆவாரையில் அவை அகன்று விரிந்து, இலை இருக்கும்வரை நிலைத்து நிற்கின்றன. பார்வைக்கு இரு சிறு காதுகளைப் போலவே இருக்கும். இச்செடியின் அறிவியல் பெயரில் வரும் 'ஆரிக்குலேட்டா' என்ற இலத்தீன் சொல்லுக்குக் 'காதுள்ளது' என்றே பொருள்.

பூ ஏறத்தாழ 5 செ.மீ. அகலம் உடையது. புல்லி இதழ்கள் ஐந்து. அவை ஒரே அளவானவை அல்ல. அல்லி இதழ்களும் ஐந்து. அவற்றின் விளிம்பு சுருக்கம் சுருக்கமாக இருக்கும், நரம்புகள் ஆரஞ்சு நிறம் காட்டும். மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றுள் மேற்புறத்து மூன்றும் மலடானவை. காய் தட்டையாக, காகிதம்போல் மெல்லியதாக, 7 முதல் 11 செ.மீ. நீளமும் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. அகலமும் கொண்டது. உள்ளே விதைகள் இருக்கும் இடங்கள் வெளியே புடைத்துத் தெரியும்.

பெயர் நடந்த பாதை

செடிகளுக்கு இரு சொற்களால் பெயரிடும் முறையைச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலின் மூலம் நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நம் வழக்கத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் சேர்ந்து ஒருவரைச் சுட்டுவது போன்றது இது. அந்நூலில் ஆவாரைக்கு அவர் இட்ட பெயர் 'காசியா ஆரிக்குலேட்டா'. பழைய பாடநூல்களிலும் மருந்து நூல்களிலும் இந்தப் பெயரையே காணலாம்.

வில்லியம் ராக்ஸ்பரோ என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றியபடியே இந்நாட்டுச் செடிகளை ஆராய்ந்தவர். 1793-இல் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவரானார். அவர் 1815-இல் மறைந்த பின், அவருடைய 'ஃபுளோரா இண்டிகா' என்னும் நூல் 1832-இல் முழுமையாக வெளிவந்தது. அதில் ஆவாரை, காசியாவில் அல்லாமல் 'சென்னா' என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் பின்வந்தோர் அதனை ஏற்கவில்லை. 1871-இல் ஆங்கிலேய அறிஞர் பெந்தம், முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களை ஒன்றுதிரட்டிக் காசியா என்ற ஒரே பெரும் பேரினமாக வகுத்தார். அதனால் ஆவாரை மீண்டும் காசியா ஆயிற்று. நூறாண்டுக்கும் மேலாக அந்த அமைப்பே நிலவியது.

1982-இல் நியூயார்க் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த இர்வின், பார்னெபி ஆகிய இருவரும் அமெரிக்கக் கண்டத்துக் காசியாக்களை முழுமையாக ஆராய்ந்து, அந்தப் பெருங்கூட்டத்தை மூன்றாகப் பிரித்தனர். காசியா, சென்னா, கமேகிரிஸ்டா என்பவையே அம்மூன்று பேரினங்கள். ஆவாரை சென்னாவுக்குப் போயிற்று. இவ்வாறு 1832-ஆம் ஆண்டின் பெயர் 150 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. இன்று இதன் சரியான பெயர் 'சென்னா ஆரிக்குலேட்டா'. தாவர நூல்களில் இப்பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் லின்னேயஸின் முதலெழுத்தும், அதற்கு வெளியே ராக்ஸ்பரோவின் பெயர்ச் சுருக்கமும் இருக்கும். முதலில் பெயரிட்டவர் ஒருவர், இப்போதைய பேரினத்திற்கு மாற்றியவர் மற்றொருவர் என்பதே அதன் பொருள். செடியின் வரலாறே அச்சிறு குறிப்பில் அடங்கிவிடுகிறது.

பிரித்தது எதைக் கொண்டு?

அறிஞர்கள் தம் விருப்பம்போல் பெயரை மாற்றி மாணவர்களை அலைக்கழிக்கிறார்கள் என்று சிலர் குறைகூறுவர். பிரித்ததற்கான காரணங்களை நாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சரக்கொன்றைப் பூவையும் ஓர் ஆவாரம்பூவையும் பறித்து வந்து அருகருகே வையுங்கள்.

சரக்கொன்றையில் மூன்று மகரந்தத் தாள்களின் காம்புகள் மிக நீண்டு, தூண்டில்போல் வளைந்து, பூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஆவாரையில் அத்தகைய நீண்ட வளைந்த காம்புகள் இல்லை. கொன்றையின் பூக்காம்பில் சிறு பூவடிச் செதில் இரண்டு உண்டு. ஆவாரையில் அவை கிடையா. கொன்றை இலையில் சுரப்பி இல்லை; ஆவாரை இலையில் உண்டு. மூன்றாவது பேரினமான கமேகிரிஸ்டாவில் பல சிறு செடிகள் உண்டு. அவற்றின் காய் முற்றியதும் இரு ஓடுகளும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். மேலும், கமேகிரிஸ்டாவின் வேர்களில் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும் முடிச்சுகள் உண்டு; காசியாவிலும் சென்னாவிலும் அவை இல்லை. பூ, இலை, காய், வேர் என்று ஒன்றையொன்று சாராத பல சான்றுகள் ஒரே பிரிவினையைச் சுட்டுகின்றன. பின்னர் வந்த டி.என்.ஏ. ஆய்வுகளும், இம்மூன்றும் தனித்தனி வழிவந்த கூட்டங்களே என்று உறுதிசெய்தன. வெவ்வேறு முறைகளில் அளந்தும் ஒரே விடை கிடைத்தால் அவ்விடையை நம்பலாம் என்று இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்க்குச் சொல்கிறோம். இங்கும் அதுவேதான்.

இன்றைய கணக்கில் சென்னாவில் ஏறத்தாழ 300 சிற்றினங்களும், கமேகிரிஸ்டாவில் 300-க்கு மேலும் உள்ளன. காசியாவில் எஞ்சியவை முப்பது நாற்பதே.

தூள் உதிர்க்கும் அதிர்வு

ஆவாரம்பூவின் மகரந்தப் பைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூளை வெளிப்படுத்தும். ஆவாரையில் பை முழுதாக வெடிப்பதில்லை. நுனியில் மட்டும் நுண்துளை திறக்கும். முகப்பவுடர் டப்பாவின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். டப்பாவைச் சாய்த்தால் மட்டும் தூள் கொட்டிவிடாது, குலுக்க வேண்டும். இந்தப் பூவில் தேனும் இல்லை. தேடி வரும் தேனீக்கு மகரந்தமே கூலி.

குலுக்கும் வேலையை, மரத்தைத் துளைத்துக் கூடுகட்டும் கருவண்டு போன்ற பெரிய தச்சன் தேனீக்கள் செய்கின்றன. தேனீ பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, சிறகுகளை மடக்கியபடியே, பறப்பதற்கான மார்புத் தசைகளை மட்டும் வேகமாக இயக்கும். உடல் முழுவதும் அதிர்கிறது. அது பற்றியுள்ள மகரந்தத் தாள்களும் உடன் அதிர்கின்றன. அருகில் நின்றால், பறக்கும் ஒலியைவிடச் சுருதி கூடிய 'ஙீ' என்ற ஓசையைக் கேட்கலாம். இந்த அதிர்வெண் பொதுவாக வினாடிக்கு நூறு முதல் நானூறுவரை இருக்கும்.

இதில் எழும் முடுக்கத்தை ஒரு சிறு கணக்கால் மதிப்பிடலாம். நம் ஆய்வகத்து இசைக்கவையின் 256 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையே எடுத்துக்கொள்வோம். மகரந்தத் தாளின் அதிர்வு வீச்சு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். சீரிசை இயக்கத்தில் பெரும முடுக்கம், கோண அதிர்வெண்ணின் இருமடியை வீச்சால் பெருக்க வருவது. விடை, வினாடி இருமடிக்கு ஏறத்தாழ 259 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 26 மடங்கு! பையின் சுவர், மட்டைப்பந்தை அடிக்கும் மட்டைபோல் மகரந்தத் துகள்களை அடிக்கிறது. ஆற்றல் பெற்ற துகள்கள் ஒன்றோடொன்றும் சுவரோடும் மோதி, துளையை நோக்கிச் செல்பவை வெளியே பாய்கின்றன. பறந்து வரும் தேனீயின் உடலில் நிலைமின்னூட்டமும் இருப்பதால், வெளிவரும் தூள் அதன் மயிரில் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சில ஆவாரம்பூக்களில் சூல்தண்டு வலப்புறம் வளைந்திருக்கும், சிலவற்றில் இடப்புறம். ஒரு பூவில் தேனீயின் ஒரு பக்கத்தில் படிந்த மகரந்தம், எதிர்வகைப் பூவின் சூல்முடியில் சென்று படிய இது வழிசெய்கிறது. தக்காளி, கத்தரி ஆகியவற்றிலும் துளைவழி மகரந்தம் உதிர்வது உண்டு. ஆகவே, மகரந்தப்பை எப்படித் திறக்கிறது என்று வகைப்பாட்டு நூல் கேட்பது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அச்செடி வாழும் முறையைப் பற்றிய கேள்வி.

குடும்பம்

சென்னா பேரினம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆவாரை, அவரை என்ற பெயர்களின் ஒலி ஒற்றுமையால் அல்ல. ஒரே சூலிலையால் ஆன சூலகமும், அதிலிருந்து விளையும் நெற்று போன்ற காயுமே இதற்குச் சான்று. ஏறத்தாழ 19,500 சிற்றினங்களைக் கொண்ட பெருங்குடும்பம் இது. முன்பு இதனை மூன்றாகப் பிரித்துக் கற்பித்தனர். வண்ணத்துப்பூச்சி போன்ற பூவுடைய அவரை, துவரை ஒரு பிரிவு. பஞ்சுருண்டை போன்ற பூங்கொத்துடைய கருவேல், தொட்டாற்சுருங்கி மற்றொன்று. கொன்றை, ஆவாரை மூன்றாவது. சிலர் இவற்றைத் தனிக் குடும்பங்களாகவே கொண்டு, ஆவாரையைச் 'சீசால்பினியேசி' குடும்பத்தில் வைத்தனர். 2017-இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று, டி.என்.ஏ. சான்றுகளின்படி இக்குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாகத் திருத்தியமைத்தது. அதன்படி கருவேலும் ஆவாரையும் ஒரே துணைக்குடும்பத்தில் சேர்ந்துவிட்டன.

நல்லதும் நஞ்சும்

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். பேயாவிரையின் அறிவியல் பெயர் 'சென்னா ஆக்சிடென்டாலிஸ்'. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய களை இது. நாட்டாந்தகரை, பொன்னாவிரை என்ற பெயர்களும் இதற்கு உண்டு. சிக்கல் இங்கேதான் எழுகிறது. பொன்னாவிரை என்ற பெயரையே சில இடங்களில் 'சென்னா சோஃபெரா' என்ற வேறொரு செடிக்கும் வழங்குகிறார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெயரை மட்டும் நம்பினால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பறித்துவிடுவோம். செடியின் உறுப்புகளோ ஊருக்கு ஊர் மாறுவதில்லை.

பேயாவிரையில் காது இல்லை. இலையடிச் செதில் சிறியது, விரைவில் உதிர்ந்துவிடும். ஆவாரையில் எல்லா இணைகளுக்கும் இடையே சுரப்பி உண்டு. பேயாவிரையில் காம்பின் அடியருகே ஒன்றே ஒன்றுதான். ஆவாரையின் சிற்றிலைகள் சிறியவை, 8 முதல் 12 இணை, நுனி மழுங்கியவை. பேயாவிரையின் சிற்றிலைகள் பெரியவை, 4 முதல் 6 இணை, நுனி கூரியவை. கசக்கினால் கெட்ட நாற்றம் வீசும். ஆவாரையின் காய் அகன்று காகிதம்போல் இருக்கும். பேயாவிரையின் காய் ஒடுங்கி, சற்றே வளைந்து, நடுவில் பழுப்பாகவும் விளிம்புகளில் வெளிறியும் காணப்படும். இச்செடியின் விதையைத் தின்ற கால்நடைகளில் தசைகள் அழிவதை விலங்கு மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். அந்த அறிவு குழந்தைகளின் தாய்மார்களைச் சென்றடையத்தான் காலம் பிடித்தது.

உலர்ந்த சரக்கில் தொல்லை இன்னும் கூடுதல். திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, மலமிளக்கியாக உலகெங்கும் ஏற்றுமதியாகும் நிலாவரையும் ஒரு சென்னாதான். அதனோடு ஆவாரை இலை கலந்து விற்கப்பட்டதும் உண்டு. ஆவாரை இலைக்கு நிலாவரையின் பேதிக் குணம் இல்லை. உலர்ந்து உதிர்ந்த சிற்றிலையில் காதையும் சுரப்பியையும் எங்கே தேடுவது? அதனால் மருந்தியலார் வேதிச் சோதனையை நாடினர். அடர் கந்தக அமிலம் பட்டால் ஆவாரை இலை கருஞ்சிவப்பாக மாறிக் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஆவாரம்பூ கலந்த பொடி வகைகள் இன்று கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. காட்டிலிருந்து பறித்து வந்து பயன்படுத்துவோரும் உள்ளனர். பறிக்குமுன் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு பச்சைக் காது நிற்கிறதா? இணைக்கு ஒரு சுரப்பி இருக்கிறதா? இரண்டும் இருந்தால்தான் ஆவாரை. அப்போதும் மருந்தாக உட்கொள்வதற்கு மருத்துவரைக் கேட்பதே முறை. ஆசிரியர்கள் மாணவர்களை ஒருநாள் மாலை பள்ளிக்கு வெளியே அழைத்துச் சென்று இவ்விரு செடிகளையும் அருகருகே காட்டினால் நன்று. எந்தக் காயையும் வாயில் போடாதே என்று குழந்தைகளிடம் பொதுவாகச் சொல்வதைவிட, 'இதுதான் அந்தக் காய்' என்று காட்டிச் சொல்வது நன்றாக நினைவில் நிற்கும்.